மாட்டின் கண்ணால் பார்த்தவர்!

தொங்கும் சங்கிலியைப் பார்த்தால் மாடு மிரளும், தெரியுமா?

இதைக் கவனித்துச் சொன்னவர், அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின். 1947ல் பிறந்த இவருக்கு ஆட்டிசம். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. பள்ளியில் பலரும் கேலி செய்தனர். குதிரை, ராக்கெட் மாடல் என, தன்னைப் போலவே ஆர்வம் உள்ள சிலர் மட்டுமே நண்பர்கள்.

இவர் எதையும் படமாகவே யோசிப்பார். வளர்ந்ததும், பண்ணைகளில் மாடுகள் செல்லும் பாதைக்குள் தானே இறங்கிப் பார்த்தார். நிழல், பளிச்சிடும் வெளிச்சம், ஆடும் சங்கிலி... இவைதான் மாடுகளை மிரட்டின! அவை பதறாமல் நடக்க, வளைவான பாதைகளை வடிவமைத்தார். பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் ஆனார்.

உங்கள் வகுப்பிலும் யாராவது தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா? 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டுப் பாருங்களேன்!