கழிவுக்குளத்திலிருந்து கிம் கிம் வரை

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-ல் வந்தது. அதற்கு மறு ஆண்டு, கோலாலம்பூரில் இயங்கிவந்த தேசியத் தொழில்நுட்பக் கழகம் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. பின்னர் ஜொகூரின் ஸ்கூடாய் அதன் பெரிய வளாகமானது. சட்டமும் பல்கலைக்கழகப் பெயரும் பொன்விழா கண்டுவிட்டன. ஸ்கூடாயில் சுற்றுச்சூழல் படித்த மூத்த தலைமுறையையும் இன்று படிக்கும் பிள்ளைகளையும் ஓரிடத்தில் உட்கார வைத்தால், இரு தரப்பும் படித்தது ஒரே பாடம்தானா என்ற ஐயமே வரும்.

அன்றைய பாடம் ஆலைக் கழிவிலிருந்து தொடங்கியது. ஜொகூர் என்றாலே ரப்பரும் செம்பனையும்தானே. செம்பனை ஆலையிலிருந்து வெளியேறும் பழுப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டால், அதிலுள்ள கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். இந்த ஆக்சிஜன் தேவையை அளக்கும் அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977-ல் செம்பனை ஆலைகளுக்கு விதிமுறை வந்தது. அடுத்த ஆண்டு ரப்பர் ஆலைகளுக்கும் வந்தது. செம்பனைக்கு முதலில் 5,000 வரை அனுமதித்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாக இறக்கி, 1984-ல் அதை 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகளை மூடச் சொல்லவில்லை. கெடு கொடுத்தார்கள், கெடுவை இறுக்கினார்கள். மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். அந்த 100-ஐ எட்ட வழிவகுத்தவை ஆலைகளுக்குப் பின்னால் வரிசையாக வெட்டிய கழிவுக்குளங்கள். இயந்திரம் அதிகம் இல்லை. வெயிலும் நுண்ணுயிரும் காலமுமே வேலை பார்த்தன.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பி.ஓ.டி. சோதனையை உலகில் பல இடங்களில் 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். செம்பனைக் கழிவுக்கு மலேசியா வகுத்ததோ 30 பாகையில் மூன்று நாள். வெப்பமண்டலத்து ஆற்றை அதன் வெப்பத்திலேயே அளக்க வேண்டும் என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

ஆனால் அந்த அளவுகோலுக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. தோட்டத் தொழிலாளர்களாக லயத்து வீடுகளில் குடியிருந்த நம் பாட்டன் பாட்டிகள். ஆலை வாடை எந்தக் காற்றில் வரும், எந்த மழைக்குப் பிறகு ஓடை நுரைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவை யாரும் குறிப்பேட்டில் எழுதி வாங்கவில்லை. ரப்பர் பால் வெட்டிய அவர்களின் பிள்ளைகள் பலர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஜொகூரின் நகரங்களான மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்கிற்கும் வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு வேறொரு காற்று காத்திருந்தது.

2019 மார்ச் 7. பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு ஆவியாகி, பள்ளிப் பிள்ளைகளை வாந்தியும் மூச்சுத்திணறலுமாகச் சாய்த்தது. சில நாட்களில் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். செம்பனைக் கழிவு எங்கிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும்; கிம் கிம்மில் முதலில் எழுந்த கேள்வியே கொட்டியது யார், கொட்டியது என்ன என்பதுதான். ஒரு தலைமுறைக்குள் பாடம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்றைய மாணவர் படிப்பது வேறு வகை. ஆற்றின் தரத்தை ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே குறியீட்டு எண்ணாகப் பார்க்கிறார். அன்று கழிவுக்குளங்களிலிருந்து எழுந்து காற்றில் கலந்துபோன மீத்தேனை இன்று மூடிப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் வந்துவிட்டன. பாடம் கடல்வரை நீண்டிருக்கிறது. புலாய் ஆற்று முகத்துவாரம் 2003-ல் பன்னாட்டுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து ராம்சார் ஈரநிலமானது. அதன் வாயிலிருக்கும் மெரம்போங் கடற்புல் திட்டில் கடற்குதிரைகளைக் கணக்கெடுக்கத் தொண்டர்களைத் திரட்டியவர் கடல் உயிரியலாளர் சூ சீ குவாங். 2008-ல் செரினா ரஹ்மான் தொடங்கிய கெலாப் ஆலாமி என்ற அமைப்பு, தஞ்சோங் கூப்பாங் மீனவக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் கடலை அளக்கக் கற்றுக்கொடுத்தது. 2014-ல் அதே கடலில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற செயற்கைத் தீவு நகரத்துக்காக மணல் கொட்டத் தொடங்கினார்கள். பணி தொடங்கிய பின்புதான் விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வந்தது. இவ்வளவு படித்தும் இப்படி நடந்ததே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் கிராமத்துப் பிள்ளைகள் பதிவேடும் கையுமாக நின்றதால்தான் அந்தத் திட்டில் என்ன இருந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. தோட்டத்து ஓடைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2012-ல் வந்த திருத்தம், மாசுக் கட்டுப்பாட்டைக் கவனிக்கத் தகுதிச் சான்று பெற்ற ஆட்கள் ஆலைகளில் இருக்க வேண்டும் என்றது. 2024 திருத்தம் சில குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. அபராதம் பெருத்தால் மட்டும் போதாது. நள்ளிரவில் ஆற்றோரம் வந்து நிற்கும் லாரியைக் காணும் கண் வேண்டும், மறுநாள் காலை அந்தத் தண்ணீரை அளக்கும் கை வேண்டும்.

எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று எண்ணும்போது சுற்றுச்சூழல் படிப்பையும் சேர்த்து எண்ணுங்கள், பெற்றோரே. வேலையும் உண்டு, தேவையும் உண்டு. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி இன்னும் இருந்தால், அந்த ஓடை அப்போது எப்படி இருந்தது என்று கேட்டு, ஊரின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைக்கப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.