சம்மணம் போடத் தெரிந்த கால்

1960களில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் செயற்கைக் கால் வாங்கிச் சென்றவர்களில் பலர், ஊர் போய்ச் சேர்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி ஊன்றுகோலையே எடுத்தார்கள். காலில் பழுது ஒன்றுமில்லை. அது நாற்காலியில் உட்கார்பவருக்காக, ஷூ போடுபவருக்காகச் செய்யப்பட்டது. வாங்கியவரோ வெறுங்காலோடு வயலில் இறங்குபவர், தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்.

அன்று பரவலாகப் புழங்கியது ‘சாக்’ பாதம். நடுவில் அசையாத மரக்கட்டை, குதிகாலில் மட்டும் மெத்தென்ற ரப்பர். சமதரையில் ஷூவோடு நடக்க அது போதும். குந்தி உட்கார வேண்டுமானால் பாதம் கணுக்காலில் மேல்நோக்கி மடங்க வேண்டும். சம்மணம் போட அது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். வரப்பில் நடக்க உள்ளும் புறமும் சாய்ந்துகொடுக்க வேண்டும். இந்த மூன்றுமே ‘சாக்’ பாதத்துக்கு வராது.

எலும்பு அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும், நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுத்தர வந்த கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதத்தில் இவை மூன்றும் வந்தன. அதைக் குறுக்கே அறுத்தால் ரகசியம் தெரியும். குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர். கணுக்காலில் மட்டும் மரம். இவற்றைச் சுற்றி டயரில் வருவதுபோன்ற நைலான் இழை ரப்பர், அதற்கு மேல் தோல் நிறத்தில் ரப்பர் உறை. எல்லாவற்றையும் அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாக இறுகிவிடும். நீளமான கட்டை உள்ளே இல்லாததால் எந்தப் பக்கமும் வளையும். ஷூ வேண்டாம், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. 1981இல் திருச்சி அருகே விபத்தில் சிக்கி வலது காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், இந்தப் பாதத்தோடுதான் மீண்டும் மேடையேறினார்.

பேர் வாங்கியது பாதம் என்றாலும், வலியைத் தீர்மானிப்பது அதற்கு மேலே, எஞ்சிய கால் நுழையும் கூடான சாக்கெட். எஞ்சிய காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, அதைக் கொண்டு வார்த்த உருவத்தின் மேல் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் குழாயை இழுத்துப் பொருத்துவது இங்குள்ள பரவலான முறை. முழங்கால் சிப்பிக்குக் கீழேயுள்ள தசைநார் பாரத்தைத் தாங்கும். எலும்பு முனை துருத்தும் இடங்களில் சாக்கெட் விலகி நிற்க வேண்டும். அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் கால் மெலிந்துகொண்டே போகும். முதலில் கச்சிதமாக இருந்த சாக்கெட் லொடலொடத்து, உரசிப் புண்ணாக்கும். அப்போது மறுபடி அளவெடுத்து மாற்றித் தராவிட்டால், நல்ல காலும் மூலைக்குப் போய்விடும்.

ஜெய்ப்பூர் பாதத்துக்கும் குறை உண்டு. எடை கூடுதல், கையால் செய்வதால் ஒன்றுபோல் இன்னொன்று அமைவதில்லை. ஓட்டப்பந்தய வீரரின் கார்பன் பிளேடு இதைவிட இலகுவானது. ஆனால் குதிகால் இல்லாத அந்தப் பிளேடில் ஓர் இடத்தில் அசையாமல் நிற்பதே சிரமம். எது சிறந்த கால் என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. அதனால் அளவெடுக்க டேப்பை விரிக்கும் முன்பே, வீட்டில் எப்படி உட்காருவீர்கள், என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.