அகரவரிசையில் உட்கார்ந்த வகுப்பு

மே மாதம் பிறந்தால் சிறு நகரங்களின் கல்யாண மண்டபங்களில் ‘முன்னாள் மாணவர் சந்திப்பு’ பேனர்கள் தொங்குகின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்தவர்கள் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆசிரியர்களுக்குச் சால்வை, மதியம் பிரியாணி, மாலையில் பள்ளிக்கு ஒரு குடிநீர் இயந்திரம். மகிழ்ச்சியான நாள்தான். ஆனால், பல மேடைகளில் ஒரு பேச்சும் சேர்ந்தே ஒலிக்கிறது: “நம்ம காலத்துல சாதியெல்லாம் கிடையாதுப்பா. இப்பத்தான் பசங்க கெட்டுப் போயிட்டாங்க.”

நாங்கள் 1998-ல் பிளஸ் டூ முடித்தவர்கள். தென் மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளி. எங்கள் சந்திப்பிலும் இந்தப் பேச்சு வந்தது. சொன்ன நண்பன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான். காலனியிலிருந்தும் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்தும் வந்த எங்களுக்கு அது தினமும் பட்டது.

பத்தாம் வகுப்பு வரை நாங்கள் பின் பெஞ்சு. அங்கே போய் உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முன் பெஞ்சுகளில் ஒரு தெருப் பிள்ளைகள், நடுவில் இன்னொரு தெரு, மிச்சம் இருந்த இடத்தில் நாங்கள். ஊரில் இருந்த வரிசை அப்படியே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். “ஸ்காலர்ஷிப் பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க” என்பார்கள். எழுந்து நிற்போம். அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் எங்களை எண்ணி முடித்துவிடும். நோட்டு வாங்க உதவிய பணம் அது, மறுக்கவில்லை. அதை வாங்க ஏன் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாங்கள் பிளஸ் டூவுக்குள் நுழைந்த ஆண்டு 1997. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. தலித் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது, கலவரம் மூண்டது. கடைசியில் எல்லா மாவட்டங்களின் பெயரிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை அரசு நீக்கியது. சந்திப்பில் அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது பலருக்கு நினைவில் இருந்தது, பஸ் ஓடாததால் கிடைத்த லீவு. எங்களுக்கு நினைவில் இருந்தது, பள்ளிக்குப் போன பிள்ளை திரும்பி வரும்வரை ரோட்டிலேயே நின்ற அம்மாக்கள். ஒரே வகுப்பு, ஒரே வருடம், இரண்டு ஞாபகம்.

அப்படியானால் இந்த நட்பு எங்கிருந்து வந்தது? இருபத்தைந்து ஆண்டு கழித்தும் தேடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறோமே, அது நடிப்பா? இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் எங்களுக்கு வகுப்பாசிரியராக வந்த தமிழய்யா, முதல் நாளே எல்லோரையும் வெளியே நிறுத்தினார். வருகைப் பதிவேட்டை விரித்து அகரவரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அழைத்து உட்கார வைத்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டும் போனார்கள். அய்யா வரிசையை மாற்றவில்லை. ஒரு மாதத்தில் ஒரே ஜாமெட்ரி பாக்ஸ் மூன்று தெருவுக்குப் பொதுவானது. அரையாண்டுத் தேர்வுக்குள் ஒருவர் டிபனில் இன்னொருவர் கை வைத்தார். இன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நெருக்கமாகப் பேசிக்கொள்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் அந்தப் பட்டியலில் அடுத்தடுத்த பெயர்கள்.

நண்பன் நினைவில் வைத்திருக்கும் ‘சாதி இல்லாத காலம்’ அந்த இரண்டு வருடம். அது தானாக வரவில்லை. ஒருவர் முடிவெடுத்து உண்டாக்கினார்.

உட்காரும் இடம் சின்ன விஷயமல்ல. சதாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர், வகுப்பில் தனியே ஒரு மூலையில், வீட்டிலிருந்து தானே சுமந்து வந்த கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்டார். பள்ளியைத் துடைக்கும் பணியாளர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார் என்பதால், மாலையில் அதைச் சுருட்டி எடுத்துப்போக வேண்டும். சாக்கு போய் பெஞ்சு வந்தது. பெஞ்சுக்குள்ளும் மூலை இருந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் தன் வீட்டிலேயே வெட்டப்பட்டார். கூடப் படித்த மாணவர்கள் மீதே வழக்குப் பதிவானது. அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கைகளில் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்ற பரிந்துரைகளோடு, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் தமிழய்யா யாரும் சொல்லாமலே செய்தது, இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் கழித்து ஒரு பரிந்துரையாக வந்திருக்கிறது.

எங்கள் குரூப் போட்டோவில் இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் எங்களோடு இருந்த காலனிப் பெண்களில் பாதிப் பேர் பிளஸ் டூ வரை வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கும் பஞ்சாலைக்கும் போய்விட்டார்கள். படித்து முடித்தவர்களை மட்டும் கூப்பிடும் சந்திப்பு அவர்களைத் தேடுவதில்லை. அடுத்த முறை அவர்களுக்கும் அழைப்பு போக வேண்டும்.

இந்த ஆண்டு சந்திப்பு நடத்தும் எல்லா ‘செட்’டுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை இது. குடிநீர் இயந்திரம் கொடுங்கள். கொடுக்கப் போகும்போது தலைமை ஆசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வகுப்பில் எந்த வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்? பதிவேட்டில் சாதி இருக்கிறதா? உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கிறீர்களா? பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு; அங்கே இதைப் பேசலாம். உங்கள் பிள்ளையின் கையில் கயிறு இருந்தால் அதை வீட்டிலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைகளோடு ஒரு நாள் உட்காருங்கள். பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியலின மாணவருக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விக்குக் கட்டணச் சலுகை உண்டு. இந்தச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று கூட இருந்து காட்டிக் கொடுங்கள். அப்போது யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.