எங்கும் செல்லும் சான்று

பிழைப்பை நாடி மும்பைக்கோ தில்லிக்கோ வந்த நம்மவர் ஒருவர் விபத்தில் காலை இழந்தால், அவருக்கு வேண்டுவன செயற்கைக் காலும் நடைப்பயிற்சியும் மட்டுமல்ல. ஊனத்தின் அளவைக் குறிக்கும் மருத்துவச் சான்றும் வேண்டும். அதற்காகச் சொந்த ஊருக்கே திரும்பியாக வேண்டும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அது சரியன்று.

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழங்கப்படும் சான்று நாடு முழுவதும் செல்லும். தாம் வசிக்கும் மாவட்டத்தில் மட்டுமின்றி, ஊனத்துக்காகச் சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனையிலும் அதைக் கோரலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் வழி செய்தன. முன்னிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே ஏற்றது. புதிய சட்டமோ, நடுக்குவாதமாகிய பார்கின்சன் நோய் உட்பட 21 வகைகளை ஏற்கிறது.

மருத்துவமனை அரசாங்கத்துடையதாயினும் தனியாருடையதாயினும், அதன் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் செல்ல வசதி வேண்டும் என்பதும் இச்சட்டத்தில் உண்டு. சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தான மேடொன்றைக் கட்டிவிட்டால் போதுமா? ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமேனும் வேண்டும். இல்லையேல் சக்கர நாற்காலியில் இருப்பவர் பிறர் கையை எதிர்பார்த்தே நிற்க நேரும்.

சிகிச்சையில் முன்னுரிமையும் சட்டம் தந்ததே. ஆயினும் மொழி தெரியாத ஊரில், நீண்ட வரிசையில் அதை வாய்விட்டுக் கேட்பது எளிதன்று. அங்கே நம் வாய்ச்சொல்லைவிடக் கையிலுள்ள சான்றே விரைந்து பேசும். ஆதலால் சிகிச்சை நடக்கும்போதே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நலம்.