அகதிகளின் பக்கத்தில்

1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பிப் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடலூர் மாவட்டமும் முகாம்களில் இடம் கொடுத்தது. இன்று அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். அரசு மாத உதவித்தொகையும் ரேஷன் அரிசியும் தருகிறது.

தமிழக முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்தது, கத்தோலிக்க இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு. வியட்நாமியப் படகு அகதிகளின் துயரம் பொறுக்காமல் 1980-ல் பேத்ரோ அருப்பே அடிகளார் தொடங்கியது அது. அகதிப் பிள்ளைக்குப் படிப்பும் நிவாரணம்தானே!

காசாவிலும் இப்படியொரு திருச்சபைப் பணி உண்டு: 1882-ல் தோன்றிய அல் அஹ்லி மருத்துவமனை. 2023 அக்டோபரில் அதன் வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் குண்டுவெடிப்பில் மாண்டார்கள். அதன் பிறகும் அங்கே மருத்துவர்கள் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள்.