உங்களுக்குத் தெரியுமா? இத்தாலி விருந்தில் ஸ்பகெட்டி சாப்பிட ஸ்பூனுக்கு வேலை இல்லை!

இத்தாலியர் வீட்டில் விருந்தா? சாமந்திப் பூங்கொத்து மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே அது கல்லறைப் பூ! நவம்பர் 2, இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று கல்லறைத் தோட்டமெங்கும் சாமந்திதான்!

பின்னே என்ன வாங்கிப் போவது? குட்டிக் குட்டி பேஸ்ட்ரி! பேக்கரியில் அட்டைத் தட்டில் அடுக்கி, காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டித் தருவார்கள். ஞாயிறு விருந்துக்கு அந்தப் பொட்டலத்தோடு போனால் ராஜ மரியாதை!

பாஸ்தாவை முன்கூட்டியே வேகவைத்து மூடி வைக்கும் பழக்கம் கிடையாது. விருந்தாளி வந்த பிறகுதான் அது கொதிநீரில் விழும்!

ஸ்பகெட்டியைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள், வீட்டுப் பாட்டியின் முகமே மாறிவிடும்! ஸ்பூனும் கூடாது. முள்கரண்டி ஒன்றுதான். நாலைந்து இழையை மட்டும் பிடித்து, தட்டோரமாக ஊன்றிச் சுற்றுங்கள். பேராசைப்பட்டு நிறைய அள்ளினால் உருண்டை வாய்க்குள் போகாது!

முள்கரண்டி என்றதும் ஒரு பலே தகவல் சிக்கியது. தாமஸ் கோரியட் என்ற இங்கிலாந்துக்காரர் 1608-ல் இத்தாலிக்குப் போனார். அங்கே எல்லோரும் முள்கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்து அசந்துபோனார். ஊர் திரும்பியும் அதை விடவில்லை. நண்பர்கள் கிண்டலடித்தார்கள்! மனிதர் அசரவில்லை, 1611-ல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அதோடு முடிந்ததா? பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தார். 1617-ல் அவர் உயிர் பிரிந்த ஊர்... நம்ம சூரத்!

ரொட்டிக்குத் தனித் தட்டு தேடாதீர்கள். மேஜைவிரிப்பின் மேலேயே வைக்கலாம். ஆனால் தலைகீழாக வைத்துவிடாதீர்கள், துரதிர்ஷ்டமாம்!

உப்பு கேட்டால் கையில் தரமாட்டார்கள். மேஜையில் வைப்பார்கள், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உப்பு கொட்டினாலோ போச்சு! டாவின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கையருகே என்ன கிடக்கிறது தெரியுமா? கவிழ்ந்த உப்புக் கிண்ணம்!

ஒயின் சிந்தினால்? அது அதிர்ஷ்டம்! விரலால் தொட்டுக் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்வார்கள்.

சியர்ஸ் சொல்லும்போது தண்ணீர் கிளாஸைத் தூக்காதீர்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள்!

இந்த ஊர் நாகரிகத்துக்கு 1558-லேயே புத்தகம் வந்துவிட்டது! பெயர் ‘கலத்தேயோ’. எழுதியவர் ஜியோவானி டெல்லா காசா, ஓர் ஆர்ச்பிஷப். மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதுவரை எழுதியிருக்கிறார் மனிதர்!

சாப்பிட்டு முடித்ததும் கப்புச்சினோ கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அது காலை நேரத்துச் சமாச்சாரம். இப்போது குட்டிக் கோப்பையில் எஸ்பிரெசோ மட்டுமே!

சமையல் பிரமாதம் என்று சொல்ல பாஷை தெரியவில்லையா? ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு திருகுங்கள். போதும், அடுத்த தட்டு தானாக வரும்!