தரையில் ஓதமா? டைல்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மழைக்காலம் வந்தாலே கிரவுண்ட் ஃப்ளோர் வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: "தரை எப்பவும் பிசுபிசுன்னு இருக்கு. பாய் விரிச்சுப் படுத்தா அடிப்பக்கம் நனைஞ்சு போகுது." உடனே, 'தரையையே மாத்திடலாம்' என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால், எந்தத் தரையும் ஓதத்தைக் குணப்படுத்தாது. கொஞ்ச நாளைக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்ன டெஸ்ட்

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை சிமென்ட் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டுங்கள். டைல்ஸ் தரை என்றால், ஓரிடத்தில் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு ஒட்டலாம். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கு அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சிமென்ட் கறுத்திருந்தாலோ, ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால், அது காற்றில் இருக்கும் ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரும்.

முதலில் சரிசெய்ய வேண்டியது

சாலை மேல் சாலை போட்டு வீடு பள்ளமாகியிருக்கலாம். சுவரோரம் மழைத்தண்ணீர் தேங்கலாம். தரைக்கடியில் பைப் கசியலாம். இவற்றைச் சரிசெய்யுங்கள். தரையை முழுசாகப் பெயர்த்துப் போடுவதென்றால், கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்கச் சொல்லுங்கள். மண்ணின் ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும்.

எது ஓகே, எது வேண்டாம்?

விட்ரிஃபைடு டைல்ஸ்: 0.5 சதவிகிதத்துக்கும் குறைவாகவே தண்ணீரை உறிஞ்சும். ஈரத் தரைக்கு இதுதான் பெஸ்ட். இணைப்புகளில் எபாக்ஸி போடலாம். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் வழவழப்பு வேண்டாம். மேட் ஃபினிஷ் வாங்குங்கள்.

ரெட் ஆக்ஸைடு, ஆத்தங்குடி கற்கள்: அழகுதான். ஆனால், இரண்டும் சிமென்ட் தரை. ஓதம் இருந்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும்.

வினைல்: மேலே தண்ணீர் கொட்டினால் கவலையில்லை. கீழிருந்து ஏறும் ஈரம்தான் சிக்கல். பசை விட்டு ஓரம் தூக்கும். அடியில் பூஞ்சை பிடித்து வாடை வரும்.

லேமினேட், மரத்தரை, கார்ப்பெட்: வேண்டவே வேண்டாம். முதல் இரண்டும் உப்பிவிடும். கார்ப்பெட்டில் வளரும் பூஞ்சை ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களைப் படுத்தி எடுத்துவிடும்.

ரிப்பேர் முடிந்ததும் தரையை நன்றாகக் காயவிட்டு, அதே பிளாஸ்டிக் டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் காய்ந்திருந்தால், தாராளமாக டைல்ஸ் கடைக்குக் கிளம்பலாம்.